குதிரையை நிழலில் நடத்தியவருக்கு

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்பல. வெயில் ஏறுறதுக்குள்ள குதிரைக்குப் பயிற்சி முடிக்கணும், கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. குழாய் ரிப்பேர்காரர் வந்தா குளியலறையக் காட்டுங்க.

நேத்து சவாரி முடிச்சு இறங்கினதும் நான் வெயில்ல மயங்கி விழுந்தேன். கூட்டிட்டுப் போக வந்த நீங்க, என்னை லாயத்துப் பொண்ணுங்ககிட்ட விட்டுட்டுக் குதிரையப் பிடிச்சுட்டுப் போனீங்கன்னு வீட்டுக்கு வந்ததும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேன். குதிரைன்னாலே பத்தடி தள்ளி நிக்கிற மனுஷன், அதுக்கு மூச்சிரைப்பு அடங்குற வரைக்கும் தண்ணி ஊத்தி நிழல்ல நடத்தியிருக்கீங்க. கண்ணு முழிச்சதும் நான் குதிரை எப்படி இருக்குன்னுதான் கேப்பேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படியே கேட்டேன். "நல்லாருக்குடி"ன்னு சொன்னீங்களே, அப்பத்தான் எனக்கும் மூச்சு வந்துச்சு.

தொப்பி, தண்ணி ரெண்டும் எடுத்துக்கிட்டேன்.

மறந்துட்டேனே! மேசை மேல கேரட் இருக்கு. என்னைக் கூப்பிட வரும்போது குதிரைக்கு நீங்களே குடுங்க, கடிக்காது. நேத்து உங்க தோள்ல தலைய வச்சுக்கிட்டு நின்னுச்சே, எனக்கே பொறாமையா இருந்துச்சு.