லட்டுவுக்கு வளைகாப்பு

திருக்கோவிலூர்
5.5.2025

அன்புத் தங்கை பாரதிக்கு,

நலம். உங்கள் மலையில் டவர் கிடைப்பதே இல்லை. அதனால் வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் லட்டு நிறைமாசம். அடுத்த வாரம் குட்டி போட்டுவிடுவாள். எனக்குத்தான் வளைகாப்பு நடத்தும் பாக்கியம் யாருக்கும் கிடைக்கவில்லை, என் பக் நாய்க்காவது நானே நடத்துகிறேன். ஞாயிறு பதினொரு மணிக்கு, மாடித் தகரக் கொட்டகையில். தெருவே வருகிறது. அவள் குறட்டையைக் கேட்டு உன் மாமா, "இன்னாடி, நம்ம வூட்ல ரைஸ்மில் ஓடுதா?" என்று சிரிக்கிறார். அந்தச் சப்பை மூக்குதான் அவளுக்கு அழகே. நீ வராவிட்டால் பேசமாட்டேன்.

உன் அக்கா,
இசைவாணி

வெள்ளிமலை
8.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. போன மாசம் நான் மலையிறங்கியபோது போனில் வந்த உன் வீடியோவை இங்கே மாட்டு டாக்டர் சிவசங்கரிடம் காட்டினேன். "இது குறட்டை இல்ல சிஸ்டர். மூக்கு ஓட்டை சின்னது, மூச்சுக்குத் தவிச்சிக்கினு இருக்குது. குட்டிங்களுக்குத் தலை பெருசு, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். வெயில்ல, கூட்டத்துல வெச்சா தாங்காது" என்றார். இது கத்திரி வெயில். வளைகாப்பை விட்டுவிட்டு உடனே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போய்க் காட்டு. எப்படியும் ஞாயிறு வருகிறேன்.

பாரதி

திருக்கோவிலூர்
20.5.2025

பாரதி,

நீ எழுதியதைப் படித்துவிட்டு மாமாவிடம், "அவளுக்குப் பொறாமை" என்றேன். இதை எழுதவே கூசுகிறது.

சந்தனம் பூசி, வளையலைக் கோத்துக் கழுத்தில் மாட்டியபோதே லட்டுவின் நாக்கு நீலமானதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் பக்கத்து வீட்டு ஜெயம்மாளிடம், இன்னும் ஒரே ஒரு போட்டோ என்றேன். அப்புறம்தான் சரிந்தாள். கள்ளக்குறிச்சி வரைக்கும் காரில் நீதான் மடியில் வைத்து விசிறிக்கொண்டு வந்தாய். ஆபரேஷனில் ஒரு குட்டி பிழைத்தது; லட்டு கண்ணைத் திறக்கவே இல்லை.

குட்டிக்கு பாட்டில் பால்தான். அதற்கும் அதே மூச்சு. ஜெயம்மாள் வந்து, "அம்மா மாதிரியே சப்ப மூக்கு! எனக்குக் குடுங்க, ஜோடி சேக்கலாம்" என்றாள். யாருக்கும் கொடுப்பதில்லை, ஜோடியும் சேர்ப்பதில்லை என்று அனுப்பிவிட்டேன்.

அன்று வழியெல்லாம் நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியாவது எழுது.

அக்கா

வெள்ளிமலை
26.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி வளர்ந்ததும் மூக்கு ஓட்டையை அகலமாக்க ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். நானும் கூட வருகிறேன்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. எல்லாம் தெரிந்த நான்தான் அன்று வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு மூச்சு இழுப்பது தெரியாதா? "போதும், கீழே தூக்கிக்கொண்டு போ" என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் நீ சங்கடப்படுவாயே என்று வாயை மூடிக்கொண்டேன். லட்டுவின் மூச்சைவிட உன் மனசு எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

உன் தங்கை,
பாரதி