ஏரி உள்வாய் எங்கே முடிகிறது

ஆகஸ்ட் 30, சனி

காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. குழந்தை யாழினிக்கு மூக்கு ஒழுகல். ஜுரம் இல்லை. தெர்மாமீட்டரும் இல்லை என்றுதான் சொல்கிறது. இருந்தாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாங்க: டயப்பர், ரவை, கொசுவலைக்கு ஆணி, மூக்குச் சொட்டு மருந்து (பழையதைத் தூக்கிப் போடு).

தங்கை ரேவதி போன். பக்கத்து மனையை வியாழக்கிழமை பத்திரம் பண்ணப் போகிறார்களாம். வளர்பிறை முகூர்த்தம். புரட்டாசி பிறந்துவிட்டால் அவள் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தானே அவளை வா வா என்று நச்சரித்தது. வைகாசியில் இந்த வீட்டை வாங்கி வந்ததிலிருந்து பகல் முழுக்க நானும் குழந்தையும் மட்டும். என் வீட்டுக்காரர் மெடிக்கல் ரெப், செய்யாறு, போளூர் என்று சுற்றல். வேங்கிக்கால் தாண்டி இந்த லேஅவுட்டில் கூப்பிட்டால் ஓடி வர ஆள் கம்மி. ரேவதி பக்கத்தில் இருந்தால் யாழி அழும்போது கூடவே எனக்கும் அழுகை வராது.

"இப்ப என்னக்கா எழுதிட்டு இருக்க?"

"ஏரி உள்வாய்."

"இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்குறாங்க?"

விளக்கினேன். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக வைத்திருக்கும் சுற்றுச்சூழல் சொற்பட்டியல். ஒருவர் புதர்க்காடு என்று சொன்னால் எல்லோருக்கும் அதே மாதிரி நிலம் மனதில் வர வேண்டும். அதில் நம் பக்கத்து நில வகைகள் இல்லை. வட மாவட்டங்களுக்கு நான் சேர்க்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எந்த வகையின் கீழ் வரும், எதை வைத்து அடையாளம், எல்லை எங்கே, ஓர் உதாரண இடம்.

"நம்ம ஊரு ஏரிய தெரிஞ்சிக்கிட்டு அவன் என்ன பண்ணப் போறான்? மீன் புடிக்க வரானா?"

ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மூக்கு பரவாயில்லை. ரசம் சாதம் கொஞ்சம் சாப்பிட்டாள், பாதி துப்பினாள்.

உள்வாய் பற்றி எழுதி அனுப்பியது திருத்தத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. கரைக்கு உட்பக்கம், மழையில் தண்ணீர் பிடித்து கோடையில் காய்ந்து மாடு மேய்கிற நிலம். அதைப் புல்வெளியில் சேர்த்திருந்தேன். எங்கள் வேலையைச் சரிபார்க்கும் மீரா மேடம் கேட்கிறார்: "நீங்கள் பார்த்த செயற்கைக்கோள் படங்கள் எல்லாமே கோடையில் எடுத்தவை. மழைக்காலத்தில் இந்த நிலம் எப்படி இருக்கும்? வெளி விளிம்பு எந்தச் செடியில் தெரியும்?"

மழைக்காலப் படங்களில் மேகம்தான் இருக்கும், தரை தெரியாது. அதனால் தெளிவானவையாகப் பொறுக்கியதில் எல்லாம் கோடையாகிவிட்டது. நாங்கள் வீடு பார்க்க வந்ததும் சித்திரையில்தான்.

புதனுக்குள் திருத்த வேண்டும். பட்டியலில் ஏறினால் ஓர் எண் கொடுப்பார்கள். பிறகு தப்பு என்று தெரிந்தாலும் அழிக்க மாட்டார்கள். "பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதி அங்கேயே வைத்திருப்பார்கள், எல்லோரும் பார்க்கும்படி.

செப்டம்பர் 1, திங்கள்

வெயில். யாழியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். தொப்பி போட்டால் கழற்றி எறிகிறாள்.

பார்த்தவை: நடுவில் கொஞ்சம் குட்டை. கருவேலம். காட்டாமணக்கு. ஓரத்தில் கோரை. கோரையை வைத்து விளிம்பு பிடிக்கலாம் என்று பின்னாலேயே நடந்தேன். கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. மனைக் கற்களைத் தாண்டி, காலி மனைகளில், ரேவதி வாங்கப்போகும் மனையில், கடைசியாக எங்கள் வாசலில் பதித்த கல் இடுக்கில். வந்த நாளிலிருந்து அவர் பிடுங்குகிறார். உப்பு கூடக் கொட்டிப் பார்த்தார்.

கோரை ஈரம் கண்ட இடத்திலெல்லாம் வரும், அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். டவுனில் வளையல் கடை அவர்களுக்கு. இந்தத் தெருவில் முதலில் குடி வந்தவர்கள்.

"அக்கா, மழையில இங்க தண்ணி நிக்குமா?"

"நிக்குமே. போன வருஷம் உங்க வீட்டு சமையக்கட்டு வரைக்கும் போச்சு. வீடு காலியாதான் கெடந்துச்சு. எங்களுது மேடு, படியோட நின்னுடுச்சு."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

துணியை உதறுவதை நிறுத்தினார். "நீ பால் காய்ச்சி, பாயசத்த கையில குடுத்துட்டு சிரிச்சிக்கிட்டு நிக்கிற. அப்ப போய் உன் வீட்டுல தண்ணி பூரும்னு சொல்றதா? நல்லாவா இருக்கும்? அப்புறம் சொல்லலாம்னா, நீ குழந்த தும்முனாலே பயப்படுற. ஏற்கனவே ஜாஸ்தி, இதுல இது வேறயான்னு விட்டுட்டேன்மா."

கோபம் வரவில்லை. நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

யாழியின் பாய், பொம்மைகள், அரிசி டின் எல்லாம் தரையில்தான் இருக்கின்றன. தரைதள வீடு. மொட்டைமாடிக்குப் படி வெளியே, கைப்பிடி கிடையாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

சாயங்காலம் இடியோடு ஒரு மழை. கொஞ்ச நேரம்தான். வாசலில் தேங்கியது. வடிகிற வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவரிடம் சொன்னேன்.

"மழைன்னா எல்லா ஊர்லயும்தான் தண்ணி வரும். மனைக்கு அப்ரூவல் இருக்கு."

"அப்ரூவல் தண்ணிக்குத் தெரியுமாங்க?"

"தோ பார், உன் எல்லைக்கோட்ட நம்ம தெருவுக்கு அந்தாண்ட போட்டுடேன். எவன் வந்து அளக்கப் போறான்? ரேவதி இங்க வரணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?"

அவர் சொன்னதை மத்தியானமே நான் நினைத்துப் பார்த்தாயிற்று. கோட்டை அந்தப் பக்கம் போட்டும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

திருத்தியது: உள்வாயைப் புல்வெளியிலிருந்து எடுத்தாயிற்று. பருவத்தில் நீர் நிற்கும் நிலங்களின் கீழ். விளிம்பு, நல்ல மழையாண்டில் நீர் எட்டிய இடம் வரை. அடையாளம் கோரை. மண் கொட்டி வீடு கட்டிய பகுதியும் சேரும். உதாரண இடத்துக்கு எங்கள் லேஅவுட்.

அனுப்பவில்லை. ரேவதிக்குச் சொல்லாததை முகம் தெரியாத ஆராய்ச்சியாளருக்கு முதலில் சொல்வதா? நாளை மறுநாள் பத்திரம்.

செப்டம்பர் 3, புதன்

மூட்டம், மழை இல்லை. யாழிக்குப் பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது.

காலையில் ரேவதிக்குப் போன். யாழிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில். அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த மனை ஏரிக்குள் இருக்கிறது, வாங்காதே.

"இத்தன மாசமா வா வான்னு கூப்ட்டுட்டு இப்ப சொல்ற?"

"எனக்கே முந்தாநேத்துதான்டி தெரியும்."

"என் மாமியார்கிட்ட என்னன்னு சொல்றது? தங்கச்சி வீடு கட்றது அக்காவுக்குப் பொறுக்கலன்னுவாங்க."

"சொல்லட்டும்."

"நீ நல்லா சொல்லுவ. அவ்ளோ பயம்னா நீ மட்டும் ஏன் குழந்தைய வெச்சிக்கிட்டு அங்க உக்காந்துட்டு இருக்க?"

வைத்துவிட்டாள். அவர் ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மற்றதையும் மாட்டினார். வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யாழி தூங்கியதும் மீரா மேடத்துக்கு அனுப்பினேன். எல்லை, உதாரண இடம், எதையும் மாற்றவில்லை. "இப்போது தெளிவாக இருக்கிறது" என்று பதில். பாராட்டு மாதிரிதான். மனம் அதில் நிற்கவில்லை.

மத்தியானம் ரேவதி வீட்டுக்காரரிடமிருந்து மெசேஜ். நாளைக்குப் பத்திரம் இல்லை. ஒரே வரி. ரேவதிக்கு மறுபடி மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அவள் இனி பக்கத்து வீட்டுக்கு வரப்போவதில்லை. வந்திருந்தால் சுவருக்கு மேலேயே யாழியைக் கைமாற்றியிருக்கலாம்.

நாலு மணி வாக்கில் அவர் போளூரிலிருந்து பேசினார். அடி அண்ணாமலையில் தெரிந்த மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம்.

"மழை மாசத்துக்கு மட்டும். சும்மா போய் பாக்கலாம், அவ்ளோதான். பௌர்ணமிக்கு கிரிவலக் கூட்டம் வாசல்லயே போவும், சொல்லிட்டேன். குழந்த தூங்காது."

தூங்காவிட்டால் பரவாயில்லை என்றேன். அந்த மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று கேட்டேன்.