பைலட்டின் பேச்சு உனக்கு, மிச்சமெல்லாம் எனக்கு

பையின் ஸிப்பைத் திறந்ததும் கறுவாப்பட்டை வாசம்தான் முதலில் வந்தது. பதுளையில் உன் வாப்பாவின் சரக்குக் கடைக்கு மேலே இருந்த அந்த மாடி அறையில் எதை வைத்தாலும் ஒரே வாரத்தில் அதில் கறுவா ஏறிவிடும். உன் தலைமுடி, உன் கணக்குக் கொப்பி, மழை நாளில் நீ எனக்குத் தந்த சுவெட்டர் எல்லாவற்றிலும் அந்த வாசம் இருந்தது. போன ஞாயிறு உன் உம்மா பஸ் ஏறி, லுணுகலையில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கே வந்து இந்தப் பையைக் கொடுத்தார். "இதெல்லாம் ஒனக்குத்தான் மகள். அவ சொல்லிட்டுத்தான் போன" என்றார். நான்கு மாதமாகக் கொடுக்க மனம் வரவில்லையாம். உள்ளே ஆறு புத்தகங்கள் இருந்தன. நம்முடைய ராட்சத ரோபோ.

ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் கேட்கிறேன். பள்ளியில் உயர்தரம் படித்த காலத்தில், சனிக்கிழமை டியூசன் முடிந்ததும் உன் வீட்டுக்கு ஓடுவோமே? மூன்றரைக்கு டிவியில் அந்தக் கார்ட்டூன் போகும். ரோபோ சிங்களத்தில் பேசும். என் சிங்களம் 'கீயத' என்று விலை கேட்பதோடு சரி. நீ கடையில் வளர்ந்தவள், சரளமாகப் புரியும். ரோபோ ஒரு வரி சொன்னால் நீ தமிழில் மூன்று வரி சொல்வாய். முக்கால்வாசிக் கதையில் நான் எழும்பி ஓட வேண்டும், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பஸ் நாலு மணிக்கு. முடிவை அடுத்த சனிக்கிழமை நீதான் சொல்வாய்.

நீ சொன்ன முடிவுகளில் பாதி உன் கைச்சரக்கு என்பது எனக்கு வெகு நாள் தெரியாது. வகுப்பில் வேறொருத்தி, அந்தச் சிவப்பு ரோபோ காப்பாற்ற வரவே இல்லை, நகரம் முழுக்க எரிந்துபோனது என்றாள். நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"ஒன்ன சோகமா பஸ் ஏத்தி அனுப்ப ஏலுமா புள்ள? அடுத்த கிழமை வரைக்கும் அதையே நெனச்சிட்டு ஈப்பாய்."

இப்படிப்பட்டவளோடு யார்தான் சண்டை போட முடியும்?

ஜப்பானில் கார் யார்டில் வேலை செய்த உன் சின்ன மாமா லீவில் வந்தபோதுதான் இந்தப் புத்தகங்கள் வந்தன. அதே கதை, படப் புத்தகமாக. ஆறு புத்தகங்களும் முழுக்க முழுக்க ஜப்பான் எழுத்து. உன் மாமாவுக்கே பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. எழுத்தாவது மண்ணாவது, படம் இருக்கிறதே என்றோம். பேச்சுக் குமிழிகளில் இருக்கிற எழுத்தின் மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி, நாமே பென்சிலால் தமிழ் எழுதுவது என்று முடிவு செய்தாய். முதல் புத்தகத்தை என்னிடம் தந்து, "நீதான் மொதல்ல" என்றாய். பெரிய மனசு என்று நினைத்தேன். ஒட்டுகிற வேலையை என் தலையில் கட்டினாய் என்பது பிறகுதான் விளங்கியது.

எங்கள் தோட்டத்து லய வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வாரம் எழுதினேன். எப்படிப்பட்ட கதை தெரியுமா அது! முதல் பக்கத்தில் ரோபோ மலைச்சரிவில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பிறகு துண்டுகள் ஒன்றாகச் சேர்கின்றன. இடிந்த வீடுகள் எழும்பி நிற்கின்றன. கடைசியில் பைலட் பையன் ரோபோவை விட்டு இறங்கி, வீட்டுக்கு நடந்து போய், அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். 'வந்துட்டேன்மா' என்று அவன் குமிழியில் எழுதினேன். என் அம்மா அப்போது குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

நீ வாங்கிப் புரட்டிவிட்டு, மெத்தையில் விழுந்து சிரித்தாய்.

"அடியேய், தலகீழா வாசிச்சீக்கிறாய்! இது நாங்க ஓதப்பள்ளியில குர்ஆன் ஓதுற மாதிரி. வலது பக்கத்திலேர்ந்து வரணும். நீ கடைசிப் பக்கத்திலேர்ந்து வந்தீக்கிறாய்."

புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து நீ காட்டினாய். பையன் அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எழுந்து போகிறான். வீடுகள் இடிகின்றன. கடைசியில் ரோபோ உடைந்து கிடக்கிறது. அம்மாவிடம் அவன் திரும்பவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கெல்லாமா அழுவாய் என்று கேட்க வாயெடுத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாய். என் அம்மாவைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ரப்பரை மேசை லாச்சியில் போட்டு மூடினாய்.

"இத அழிக்க வாணாம். இப்படியும் வாசிக்கலாம். அடுத்த புத்தகத்திலேர்ந்து சரியா செய்வோம்."

அடுத்த புத்தகத்திலிருந்து வேலையைப் பிரித்தாய். பிரித்த அழகைச் சொல்ல வேண்டும். பைலட்டின் பேச்சு உனக்கு. ரோபோ, கமாண்டர், அம்மா, எதிரிகள், ஓடுகிற சனங்கள் எல்லாம் எனக்கு. ஏன் என்று கேட்டால், "நான்தான் பைலட் மாதிரி ஈக்கிறேன்" என்பாய். நாலடி பத்து அங்குலப் பைலட்! ரோபோவின் உயரத்தை நாம் கணக்கிட்டோம். எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரை அது முழங்காலால் இடித்துவிடும். பதுளைக்கு வந்தால் நிற்க இடமில்லை, நமுனுகுலை மலையில் முதுகைச் சாய்த்து உட்காரத்தான் வேண்டும் என்றாய். இன்றும் பஸ்ஸிலிருந்து அந்த மலையைப் பார்க்கும்போது அது அங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஐந்து புத்தகம் முடித்தோம். ஆறாவதைத் தொடுமுன் உனக்குக் கல்யாணம். மரக்கறி வியாபாரம் செய்யும் மாப்பிள்ளையோடு வெலிமடைக்குப் போனாய். நான் மருந்துக்கடையில் சேர்ந்தேன். ஆறாவதைச் சேர்ந்தே எழுத வேண்டும், நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன், தீபாவளிக்கு வா என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போயின. இதில் என் சோம்பல்தான் அதிகம். ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு ஒருநாள் வாட்ஸ்அப்பில் டாக்டர் எழுதிய மருந்துத் துண்டைப் படம் பிடித்து அனுப்பினாய். "ரத்தம் கொறவாம். இது என்ன மருந்துன்னு பாத்து சொல்லு புள்ள." பெயரை இரண்டு தடவை வாசித்தேன். அந்த மருந்தை எதற்குக் கொடுப்பார்கள், நோய் எவ்வளவு முற்றியபின் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் உன்னிடம் மறைக்கிறார்கள் என்பதும் விளங்கியது. உன் உம்மாவை மீறி நான் சொல்வதா? "சத்து மாத்திரைதான்டி. ஒழுங்கா போடு" என்று அனுப்பினேன். "சரி கமாண்டர்" என்று பதில் போட்டாய்.

அதன் பிறகு தினமும் பேசினோம், மருந்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. செய்தி வந்த அன்று இரண்டு பஸ் மாறி வெலிமடைக்கு வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. உன்னிடம் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன் என்ற நினைப்பை மட்டும் கொண்டு வீடு திரும்பினேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அந்த ஆறாம் புத்தகம் என் மடியில் இருக்கிறது. வெறுமையாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். நீ எனக்காகக் காத்திருக்கவில்லையடி. எல்லாக் குமிழியிலும் தாள் ஒட்டி, பைலட்டின் பேச்சை மட்டும் எழுதி முடித்திருக்கிறாய். என் பங்கை அப்படியே விட்டிருக்கிறாய். போகப் போக உன் எழுத்து நடுங்குகிறது. சில பக்கங்களில் ஒரு சொல்லுக்குமேல் இல்லை.

உன் பதிலுக்குத் தகுந்த மாதிரி நான் கேள்வி எழுதவேண்டியதாயிற்று. பெரிய சண்டைக்கு நடுவே உன் பைலட், "ஓ, சாப்பிட்டாச்சு. கத்த வாணாம்" என்கிறான். ரோபோவின் வாயில் "சோறு தின்னியா இல்லியா?" என்று போட்டேன். தனியாகச் சிரித்தேன். இப்படியே மூன்று நாள் எழுதி, கடைசிக்குச் சற்று முன்னால் உள்ள பக்கத்துக்கு வந்தேன். பைலட் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, திரையில் தெரியும் கமாண்டரைப் பார்க்கிறான். கமாண்டரின் குமிழி வெறுமை. பைலட்டின் குமிழியில் நீ எழுதியிருந்தாய்:

"தெரியும். அன்னைக்கே ஃபோன்ல தேடிப் பாத்துட்டேன். ஒன் மேல கோவமில்ல. எல்லாரும் அழுத நேரம் நீதான் வழமை மாதிரி பேசினாய்."

பென்சிலை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கடை திறந்தேன், மருந்து கொடுத்தேன், வந்தவர்களிடம் பேசினேன். இன்று பகல்தான் அந்தக் குமிழியை நிரப்பினேன். "அது சத்து மாத்திரை இல்லடி. நான் பொய் சொன்னேன்." கமாண்டர் பேசுகிற பேச்சா அது? இருக்கட்டும்.

உன் பதில் இனி என்னோடுதான் இருக்கும். ஆனால் நீ கோபப்பட்டிருக்கலாம். அன்றைக்கே ஃபோன் எடுத்து என்னைக் கிழி கிழியென்று கிழித்திருந்தால், உன் குரலை இன்னும் ஒரு தடவை அதிகமாகக் கேட்டிருப்பேன்.