பூசையில் வைத்த துவக்கு

முருகன் துணை

வென்ட்வேர்த்வில், சிட்னி
12.10.1997

அன்பு மகள் யோகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றுகிற நேரமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய், உப்பைக் குறை, கனநேரம் நின்று சமைக்காதே, இரண்டு கறி போதும், மருமகன் கோபிக்கமாட்டார். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் கோயிலில் மோதகத்தைக் கண்டால் நான் பக்கத்தில் நிற்பதே அவருக்கு மறந்துபோகிறது. மார்கழி ஏழாம் திகதிக்கு அங்கே வர எனக்கு டிக்கெட் போட்டாயிற்று, பிள்ளை பிறந்த பிறகு உனக்குத் தரச் சரக்குத்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறேன், விமான நிலையத்தில் பறிக்காமல் விட்டால் சரி.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ சாதாரணமாக எழுதியிருந்த விஷயத்துக்குத்தான் இவ்வளவு நாளும் பதில் எழுத முடியாமல் இருந்தேன். பக்கத்து வீட்டில் களவு போன பிறகு மருமகன் ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார் என்றும், அது அமெரிக்க அரசியல் சட்டம் ஒவ்வொருவருக்கும் கொடுத்த உரிமை என்றும், நீ பயப்படுவாய் என்று அதை வைத்த இடத்தை உனக்கே சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் படித்தவள் இல்லை, எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் பரமட்டா நூலகத்தில் அந்தச் சட்டம் இருக்கிற புத்தகத்தை எடுத்து வந்து அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரே ஒரு வசனம், அதற்குள் மூன்று கமா, விளங்க எனக்கு இரண்டு நாள் போனது. விளங்கியதா என்று கேட்டால் இப்போதும் முழுதாகச் சொல்லமாட்டேன். மருமகன் சிறிதரன் எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் வீடு எரிய, மதில் ஏறி ஓடித் தப்பின பிள்ளை. எங்களிடம் வீட்டுக்கு ஒரு துவக்கு இருந்திருந்தால் அவன்கள் படலைக்குள் கால் வைத்திருப்பான்களா என்று அவர் கேட்பதாக எழுதியிருந்தாய். உன் அப்பாவும் அதைத்தான் கேட்கிறார்.

அப்பாவின் கதையையும் சொல்கிறேன். போன வருடம் சித்திரையில் தஸ்மேனியாவில் ஒருவன் முப்பத்தைந்து பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு இங்கே சட்டம் மாறிவிட்டது, தானாகக் குண்டு ஏறுகிற துவக்குகளை எல்லாம் அரசாங்கம் காசு கொடுத்துத் திருப்பி வாங்கியது. டபோவில் வேலை செய்த காலத்தில் முயலுக்கென்று அப்பா வாங்கினாரே, அதுவும் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. அப்பா கொடுக்கமாட்டேன் என்றே நின்றார். யாரோ ஒரு பைத்தியக்காரன் செய்ததற்கு ஒழுங்காகப் பத்திரம் எடுத்து வைத்திருக்கிற என்னை ஏன் தண்டிக்க வேண்டும், அமெரிக்காவில் என்றால் ஒரு அரசாங்கம் இப்படிக் கேட்கத் துணியுமா, சனத்தின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கின அரசாங்கம் பிறகு என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்தானுக்கா சொல்லித் தர வேண்டும் என்று ஒரு வருடமாக வாதாடினார். தவணை முடிய மூன்று நாள் இருக்க, சனிக்கிழமை காலையில் அதைத் துணியில் சுற்றிக் காரில் வைத்தார். பொலிசுக்கு நானும் போனேன். அவர் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து காரில் ஏறியதும் நான் கேட்ட முதல் கேள்வி, துண்டு தந்தார்களா என்பதுதான். இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்துவிட்டு ரசீதை என் மடியில் போட்டார். அடுத்த நாள் கோயிலில் தேவராஜா அங்கிள், "என்ன வரதர், டபோவில முயலுகள் எல்லாம் பொங்கல் வைக்குதுகளாம்" என்று பகிடி விட்டார். அப்பா சிரிக்கவில்லை.

நான் ஏன் துண்டைக் கேட்டேன் என்று அப்பாவுக்கும் தெரியாது. பதின்மூன்று வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன், பொறுமையாக வாசி. ஊரில் எங்கள் வீட்டிலும் துவக்கு இருந்தது. உன் அம்மப்பா, என் ஐயா, மாந்தோட்டத்து வௌவாலுக்கு வைத்திருந்த துவக்கு. ஆயுத பூசைக்கு மண்வெட்டி, கத்தி, உன் புத்தகங்களோடு அதையும் சாமியறையில் வைப்போம், அதற்குச் சந்தனப் பொட்டு வைக்கிறது உன் வேலை, அப்படிக் கும்பிடப் பழக்கியது நான். எண்பத்து நாலில் பத்திரத் துவக்கு வைத்திருப்பவர்கள் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஐயா அப்போது படுக்கையில், கொண்டுபோய்க் கொடுத்துவிடு பிள்ளை என்று என்னிடம் சொன்னார். கொடுத்துவிட்டு வெறும் கையோடு எப்படி இருப்பது என்று எனக்குப் பயம். பழைய சேலையில் சுற்றிச் சாமிப் படங்களுக்குப் பின்னால் இருந்த மாடத்தில் வைத்துப் பலகை அடித்து மூடினேன். கொடுத்தாச்சு என்று ஐயாவுக்குச் சொன்னேன், உன் சின்ன மாமா நித்திக்கும் அப்படித்தான் சொன்னேன். அடுத்த வருடம் நாங்கள் இங்கே வெளிக்கிட்ட அன்றாவது தம்பியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன், கார் வந்துவிட்டது, சொல்லவில்லை.

நாங்கள் வந்து எட்டு மாதத்தில் ஆயுதம் சேர்க்கிற ஒரு குழு வீட்டுக்கு வந்ததாம், எந்தக் குழு என்று இன்றைக்கும் தெரியாது. கையில் பத்திரக்காரர்களின் பெயர்ப் பட்டியல். துவக்கு எங்கே என்று நித்தியைக் கேட்டார்கள். "அக்கா பொலிசில குடுத்திட்டா" என்றானாம். அப்படியென்றால் துண்டைக் காட்டு என்றார்களாம். வீட்டை எல்லாம் கிளறியும் துவக்கும் அகப்படவில்லை, துண்டும் இல்லை. ஒரு கட்டு வெங்காயத்துக்கும் துண்டு எழுதி வைக்கிறவளின் வீட்டில் அதற்கு மட்டும் துண்டு இல்லை. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை, ஷெல் விழுந்து செத்தான் என்று உனக்குச் சொன்னது பொய். வேறொன்றும் தெரியாது என்று அவன் சொன்னது உண்மை, அந்த உண்மையை ஒருவரும் நம்பவில்லை. ஐயாவின் கடிதம் எனக்குக் கிடைக்கும்போது ஒரு மாதம் போய்விட்டது. அப்போதாவது ஐயாவுக்கு எழுதியிருக்கலாம். எழுத எடுத்தேன், கிழித்தேன். என் பொய்யை உண்மை என்று நம்பியபடியே அவர் கண்ணை மூடினார்.

அதனால்தான் சொல்கிறேன். உரிமையா இல்லையா என்று மருமகனோடு வாதாடும் அறிவு எனக்கு இல்லை, மாமியார் சொல்லக்கூடிய பேச்சும் இல்லை. ஆனால் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதை அறிந்து ஒருவன் வந்து நின்று எங்கே என்று கேட்டால், தெரியாது என்று சொல்ல வேண்டியவள் நீ.

போன வெள்ளிக்கிழமை ஆயுத பூசை செய்தோம். அப்பாவின் ஸ்பானர் பெட்டியும் என் கணக்குக் கொப்பியும் வைத்தேன். அப்பாவின் துவக்கை வருடாவருடம் நான் பொட்டு வைத்து வைக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது, அங்கே நித்தியின் படத்தை எடுத்து வைத்தேன். பொட்டு வைக்கவில்லை, மாலை போடவில்லை. இரும்புக்கு எத்தனையோ வருடம் பொட்டு வைத்த கை, அவன் படத்துக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதத்தை மருமகனுக்கு முழுதாக வாசித்துக் காட்டு, என் பொய்யையும் சேர்த்து, ஒன்றையும் மறைக்காதே. வாசித்த பிறகு அதைக் கொடுத்துவிட்டால் நான் கும்பிட்ட முருகன் கண் திறந்தான் என்று நினைப்பேன். கொடுக்க மனமில்லை என்றால், இருக்கிற இடத்தை அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டச் சொல்லு. காட்டியதும் எனக்கு ஒரு டெலிபோன் எடு, இங்கே எந்த நேரமானாலும் எடுப்பேன். இரும்புச் சத்துக் குளிசையை விடாதே. நீங்கள் மூன்று பேரும் நீடூழி வாழ வேண்டும். அப்பாவுக்கு இன்று இரவு நானே வாயால் சொல்லப் போகிறேன், அதற்கு முன் கடிதத்தைத் தபாலில் போட்டுவிடுகிறேன், பிறகு மனம் மாறிக் கிழித்துவிடுவேன்.

உன் அம்மா