பத்து நிமிஷம் பொறுக்காதவனுக்கு

இன்று காலை கீழ் வீட்டுக்காரருடைய கார் கிளம்பவில்லை. நான் பால்கனியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாவியைத் திருப்புகிறார், எஞ்சின் கரகரவென்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. விட்டுவிட்டு மறுபடி திருப்புகிறார். மறுபடியும் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அந்தச் சத்தம் காதில் விழ விழ எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு லுங்கியோடு மூன்று மாடியும் இறங்கிப் போய், "பந்த் கரோ பாயி! கான் நஹீ ஹை கியா?" என்று அந்த நல்ல மனிதரைப் பார்த்துக் கத்தினேன். நிறுத்து, உனக்குக் காதே கிடையாதா என்று.

அவர் பயந்துபோய்ச் சாவியை விட்டுவிட்டார். முழுக்கத் திருப்பாதே, பாதியில் நிறுத்து, நிறுத்திக் கேள் என்றேன். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் மெல்ல முனகி ஓய்ந்தது. பம்ப் வேலை செய்கிறது, அப்படியானால் டேங்கைப் பார் என்றேன். டேங்கில் பெட்ரோல் இல்லை. அவர் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே வந்தால் என் மனைவி, "காலங்காத்தால அந்தப் புள்ளைய எதுக்கு அந்தக் கத்துக் கத்துறீங்க? யாரு மேல கோவம் உங்களுக்கு?" என்று கேட்டாள். உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் மேல்தான்டா கோபம். வேறு யார் மேல்?

செத்துப்போனவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். உனக்காகக் கூட்டம் போட்டார்களே, அங்கேயே அப்படிப் பேசுவதற்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "உயிரைத் துச்சமாக மதித்த உத்தமர்" என்று ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உன்னை அவர் ஒரு நாளாவது பார்த்திருப்பாரா? அவசரக்குடுக்கை என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் பாதியில் எழுந்து வெளியே வந்து நின்றேன். நின்று பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யமுனைக் கரை வெள்ளப் படகு டிப்போவில் நீ படகோட்டி, நான் மெக்கானிக். இரண்டு பேருக்கும் ஆர்.கே.புரத்தில் ஒரே மாடிப்படியில் எதிரெதிர் குவார்ட்டர்ஸ். காலையில் பேருந்து ஏறும்போது ஆரம்பிக்கும் சண்டை, மாலையில் இறங்கும்போதுதான் முடியும். கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போனால் படியேறும்போதுகூட நீ கார்புரேட்டரைப் பற்றித்தான் பேசுவாய். படகு நின்றுபோனால் "ஒன் எஞ்சினு" என்பாய், ஓடினால் "எம் போட்டு" என்பாய். கடற்படையில் இருந்துவிட்டு வந்தவன் என்ற திமிர் உனக்கு. எனக்குக் கும்பகோணத்துத் திமிர் என்று நீ சொல்லிக்கொண்டு திரிந்தாய். அது என்ன திமிர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழைய எஞ்சின்கள் இருந்தவரை நமக்குள் பெரிய வம்பு வரவில்லை. சோக்கை இழு, கயிற்றை இழு, புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். பேட்டரி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பிறகு அந்தப் புது எஞ்சின்கள் வந்தன. கார்புரேட்டர் கிடையாது, சோக் கிடையாது. பெட்ரோலை அளந்து பீய்ச்சுவதற்கு உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதற்கு ஒரு மின்சார பம்ப். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நீ காறித் துப்பினாய். "ஏலே, கயித்த இழுத்தா ஓடணும். அதுக்குப் பேருதான் எஞ்சினு. இது என்னது, டெலிபோன் மாதிரி வயரா கெடக்கு?" என்றாய். இல்லாத சோக்கைத் தேடி உன் கை எத்தனையோ நாள் காற்றில் துழாவியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் போகட்டும். பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. ஒரு தடவை கரையில் கட்டியிருந்த படகிலிருந்து பேட்டரி களவு போனது. உடனே நீ ஒரு சட்டம் போட்டாய். மாலையில் படகைக் கட்டியதும் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும், காலையில் எடுத்து மாட்ட வேண்டும். பழைய எஞ்சினுக்கு அது சரி. புதுசு வந்த அன்றே நான் சொன்னேன். "டேய், இதுல ரெண்டு வயர் இருக்கு. தடி வயர் எஞ்சினச் சுத்துறதுக்கு. இந்தப் பொடி வயருதான் கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் கரண்ட் குடுக்குது. தெனமும் கழட்டி மாட்டுனா இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? படகோட பூட்டி வைக்கிற மாதிரி ஒரு பொட்டி அடிப்போம்." நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "களவு போச்சுன்னா நீ பதில் சொல்லுவியோ?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். தினமும் ஒருவன் கழற்றினான், தினமும் ஒருவன் மாட்டினான், அவனவன் இஷ்டத்துக்கு அந்தப் பொடி வயரை மடக்கினான்.

அந்த செப்டம்பரில் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். காலையில் கரைக்குக் கீழே இருந்த தண்ணீர், மதியத்துக்குள் காதர் என்கிற ஆற்றோரத் தாழ்நிலத்தில் பாதி வயல்களை விழுங்கிவிட்டது. ஆற்றுப்படுகையில் முள்ளங்கியும் பாலக் கீரையும் போட்டுப் பிழைக்கிற ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கரையேறிக்கொண்டிருந்தார்கள். மற்றப் படகுகளெல்லாம் வடக்கே போய்விட்டன. டிப்போவில் மிச்சம் ஒரே படகு, அதில் புது எஞ்சின். அப்போதுதான் ஒருவன் ஓடி வந்து, ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற ட்யூப்வெல் அறையின் கூரையில் ஒரு குடும்பம் நிற்கிறது, புருஷன் பெண்சாதி, இரண்டு குழந்தைகள் என்று சொன்னான்.

நீ தாவி ஏறிச் சாவியைத் திருப்பினாய். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாய். நிறுத்து, பார்க்கிறேன் என்றேன். "பேட்டரி நல்லாத்தானல சுத்துது? பெட்ரோலுதான் வரல" என்றாய். டேங்கை மாற்றினோம். பெட்ரோல் குழாயில் இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கினேன், கல் மாதிரி இறுகியது, அதாவது அதுவரை பெட்ரோல் வந்துவிட்டது. கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடுகிற சிவப்புக் கிளிப்பும் அதன் இடத்தில் இருந்தது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அவ்வளவு நேரம் சுற்றியும் நுனியில் பெட்ரோல் ஈரமே இல்லை. நீ மூடியின் மேல் கையால் ஓங்கி ஓங்கி அடித்தாய், பிறகு கயிற்றைச் சுற்றி இழுக்க ஆரம்பித்தாய். கரண்ட் இல்லாமல் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாமல் இது தலைகீழாக நின்றாலும் கிளம்பாது என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ இழுத்துக்கொண்டே இருந்தாய்.

சாவியைப் பாதி திருப்பி பம்ப் முனகுகிறதா என்று கேட்க வேண்டும், அதுதான் அடுத்த வேலை. ஆனால் கரைமேல் ஜீப்பில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று ஓயாமல் அலறிக்கொண்டிருந்தார்கள். அதனால் பம்ப் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உன்னைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். நீ வேண்டா வெறுப்பாகத் திருப்பினாய். கைக்கு ஒரு அசைவும் தட்டவில்லை. ஃப்யூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அப்படியானால் ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் எங்கேயோ வயர்.

"எவ்வளவு நேரம்?" என்றாய்.

"பத்து நிமிஷம்."

"ஒன் பத்து நிமிசத்த நம்புனா வெளங்குன மாதிரிதான்."

"டேய், போகாதடா. துடுப்புப் படகு இந்த ஓட்டத்துல திரும்பி வராது. பத்து நிமிஷம் பொறு."

"அங்க பிள்ளைக நிக்குதுல."

அவ்வளவுதான். கரையில் கட்டியிருந்த மீன்காரர் ஒருவருடைய சின்னப் படகை அவிழ்த்தாய், துடுப்பை எடுத்தாய், போய்விட்டாய். ஆள் ஏற்ற இடம் வேண்டும் என்று துணைக்குக்கூட ஒருவரையும் ஏற்றவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தாயா? அதுவும் இல்லை.

பொடி வயரைப் பேட்டரி முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தேன். மேல் ரப்பர் முழுசாக இருந்தது, பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. முனைக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் நூல் மாதிரி தொளதொளவென்று வளைந்தது. உள்ளே செம்பு அற்றுப்போயிருந்தது. தினமும் மடக்கி மடக்கி, அந்த ஒரே இடத்தில். உன் சட்டம், உன் அலமாரி, உன் பூட்டு! வெட்டி, சீவி, நேராக முனையில் முறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் கைக்குக் கீழே பம்ப் அதிர்ந்தது. அடுத்த திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. உன்னை வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டிக்கொண்டே படகை எடுத்தேன். படகோட்ட எனக்குச் சரியாக வராது என்று நீ எப்போதும் கேலி செய்வாய். அன்றைக்கு ஓட்டினேன்.

வளைவைத் தாண்டினால் ட்யூப்வெல் அறை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. ஒரு இரும்புக் குழாய் மட்டும் வெளியே நின்றது. குடும்பத்தோடு நீ கீழே பாலத்துப் பக்கம் ஒதுங்கியிருப்பாய் என்று நினைத்து அங்கே விரட்டிக்கொண்டு போனேன். அங்கே அந்தச் சின்னப் படகு கரையில் இருந்தது. அந்த நான்கு பேரும் இருந்தார்கள். நீ இல்லை. உன்னை இரண்டாம் நாள் கண்டெடுத்தார்கள்.

உன் மனைவி செல்வி அழவில்லை, தெரியுமா. காரியமெல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, எஞ்சினுல என்னதான் கோளாறு?" என்று கேட்டாள். ஒரு வயர் அறுந்திருந்தது என்றேன். "அவ்வளவுதானா?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதிலை நீ வந்து சொல். அவள் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். எதிர் வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். நான் ஓய்வு பெற்று மயூர் விஹாருக்கு வந்தேன். யார் என்ன பழுதைக் கொண்டுவந்து எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாலும், தெரியாது என்றுதான் சொல்கிறேன். என்னை முசுடு என்கிறார்கள்.

இதில் சொல்லாத ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷமாக செல்வியிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளம் வடிவதற்கு முன்பே அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள் போட்டிருந்தார்களே, அதில் ஒன்றில் இருந்தார்கள். நலம் விசாரிக்கப் போகவில்லை. காப்பாற்ற வந்தவனை விட்டுவிட்டு எப்படியடா படகைத் தள்ளினாய் என்று அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கப் போனேன். பிடிக்கவும் செய்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் மனைவிதான் என் கையை விலக்கிவிட்டுச் சொன்னாள். ஐந்து பேரும் ஏறிப் பார்த்தார்களாம், படகுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். அறையின் சுவர் அப்போதே விரிசல் விட்டிருந்ததாம். நீ துடுப்பை அவள் புருஷன் கையில் திணித்துவிட்டுக் கூரைக்குத் திரும்ப ஏறிக்கொண்டாயாம். எப்படி விட்டுவிட்டுப் போவது என்று அவள் அழுதாளாம்.

அதற்கு நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். "மேரா பாயி பீச்சே ஆ ரஹா ஹை, மோட்டர் லேகே. உஸ்கா தஸ் மினட் மத்லப் தஸ் மினட்."

பின்னாலேயே என் தம்பி மோட்டார் படகோடு வருகிறான், அவன் பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாயாம்.

அயோக்கியப் பயலே, இதை நீ என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? பேருந்தில், மாடிப்படியில், மலை மந்திரில் எத்தனை ஆயிரம் வார்த்தை பேசினாய், இந்த ஒன்று வாயில் வரவில்லையே. என்னைத் தம்பி என்று ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கிறாயா? என் முகத்துக்கு நேராக விளங்காது என்று சொல்லிவிட்டுப் போனவன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போய் எனக்காக ஜாமீன் நிற்கிறாய். சட்டத்தை மன்னித்துவிட்டேன். பொறுக்காமல் போனதையும் மன்னித்துவிட்டேன், அந்தச் சுவரைப் பற்றிக் கேட்ட பிறகு வேறு என்ன செய்வது. என்னை நம்பினாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வயரைக் கண்டுபிடித்துக் கிளம்பி வர எனக்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று தெரியாது. கரையில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. நீ பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய்.