நூறு எண்ணுவதற்குள்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் தலையில் சோப்பு நுரையோடுதான் வெளியே வந்தேன். வீட்டில் நாலு பேர், குளியலறை ஒன்று. அம்மா கதவுக்கு வெளியே நின்று ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவாள். நூறு வந்தால் குழாயை வெளியிலிருந்தே மூடிவிடுவாள். இதில் எழுபதுகளை அப்படியே முழுங்கிவிடுவாள், கேட்க ஆளில்லை. லேத்துப் பட்டறையில் அப்பாவைக் கண்டால் எல்லாருக்கும் நடுக்கமாம். இங்கே அந்த மனுஷன் துண்டோடு நின்று இன்னும் ஒரே ஒரு சொம்பு என்று கெஞ்சுகிறார்.

மார்ச் 5

துணிக் கம்பெனியில் ஆறு வருஷமாக இஸ்திரி போடுகிறேன். வெளியூரில் புதுக் கிளை திறக்கிறார்களாம், சூப்பர்வைசராகப் போகிறாயா என்று மேனேஜர் கேட்டார். அங்கேயே தங்க வேண்டும். பதினாலாம் தேதிக்குள் கையெழுத்து.

எனக்குப் போகணும். அம்மாகிட்ட யாரு சொல்றது?

மார்ச் 8

நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

மார்ச் 12

அப்பாவுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

மார்ச் 13

நானே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"யாரைக் கேட்டு?"

"உன்னைத்தாம்மா கேக்கறேன்."

"கேட்டுட்டல்ல? வேண்டாம்."

அவ்வளவுதான். அண்ணன் செருப்பைத் தேடப் போனான், அதைக் காலில் போட்டிருந்தபடியே. இருபத்தேழு வயசாச்சு, உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்காளா?

மார்ச் 14

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 15

வீட்டில் சொன்னேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், "அவளைச் சாப்பிடச் சொல்லுங்க" என்கிறாள் அப்பாவிடம். அவரும் திரும்பி, சாப்பிடும்மா என்கிறார். என் குளியல் முறையில் இப்போது நாற்பதுகளையும் காணோம்.

மார்ச் 24, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன்.

காலையில் கடைசிக் குளியல். வெளியே எண்ண ஆரம்பித்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. எழுபதுகளை முழுசாக இன்றைக்குத்தான் கேட்டேன். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. துண்டை எடுத்தேன். நூறு வரவில்லை. அப்புறம், "அறுபது" என்றாள்.

அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை. நான் எப்போதோ குளித்து முடித்து, ஈரத் துண்டோடு கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் தடவையும் தொண்ணூற்றொன்பது வந்து, மறுபடி அறுபதுக்கே போனாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. திறந்தேன்.

ஒன்பது நாளுக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சோப்பெல்லாம் போச்சா?"

போச்சும்மா என்றேன்.