நேராக நடந்த நண்டு

மூலக்குளம்,
புதுச்சேரி.

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா கமலவேணி எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, எனக்குச் சந்தேகம் வழக்கம்போல. நீ சுகமா என்று கேட்டால் சூப்பரா இருக்கேம்மா என்றுதான் சொல்வாய், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. எதிர்வீட்டுத் தாமரைச்செல்வி உன்னைப்போலவே பாரிசில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் இட்லிப் பொடி, மாங்காய் ஊறுகாய், கொஞ்சம் சுண்டைக்காய் வத்தலும் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாய் பாட்டில் மூடியில் டேப் சுற்றியிருக்கிறேன், டேப் கலைந்திருந்தால் எனக்குச் சொல், அவளுக்கு என் ஊறுகாய் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். போனில் சொல்லாமல் அம்மா ஏன் பேனாவைப் பிடித்தாள் என்று யோசிப்பாய். போன் உங்கப்பாவிடம் இருக்கிறது, வருகிற மெசேஜையும் போகிற மெசேஜையும் தெருவுக்கே கேட்கும்படி படிக்கிறவர் அவர். இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி.

இது மார்கழி, முகூர்த்தம் கிடையாது, அதனால் மண்டபத்தில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலையும் கிடையாது, பகலெல்லாம் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். உன் தங்கச்சி தீபா போன மாதம் வந்தபோது யூட்யூபை டிவியில் வரும்படி செய்துவிட்டுப் போனாள், அன்றிலிருந்து நம் வீட்டில் பூதமும் சூனியக்காரியும் ராட்சதப் பல்லியும்தான் குடித்தனம். எல்லாம் அவர் மில்லுக்குப் போகிற வயதில் பெஞ்சு டிக்கெட்டில் பார்த்த பழைய படங்கள். நானும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. ஒரு மந்திரவாதி, தன் உயிரை எங்கேயோ மலைக்கு அப்பால் ஒரு கிளிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறான், சரி, புத்திசாலி என்று நினைத்தால், தூக்கிக்கொண்டு வந்த ராஜகுமாரி ஒரு தடவை சிரித்ததும் கிளி இருக்கும் மரம் முதற்கொண்டு வழி சொல்லிவிடுகிறான். இத்தனை மந்திரம் படித்தவனுக்கு வாயை மூடத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின என்னிடம் உங்கப்பா இன்னும் ஏடிஎம் நம்பரைச் சொல்லவில்லை, அவர் அந்த மந்திரவாதியாக இருந்திருந்தால் படம் முடிந்தே இருக்காது. இன்னொன்றில் கட்டில் பறக்கிறது, கட்டிலின் நாலு காலிலும் நூல் பளபளக்கிறது, பின்னால் நிலாவில் துணி மடித்த மடிப்பு அப்படியே தெரிகிறது, இஸ்திரி கூடப் போடவில்லை. நடுராத்திரி சுடுகாடு என்று காட்டுகிறான், ஆளுக்கொரு நிழல் தரையில் விழுகிறது, கதாநாயகி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேயைத் தேடுகிறாள். பூதத்துக்குக் கழுத்துக்குப் பின்னால் ஜிப். இதையெல்லாம் நான் சொன்னால் உங்கப்பா, படத்தப் பாருடி, நூல ஏன் பாக்கற என்று எரிந்து விழுகிறார். அவர் கண்ணில் ஒன்றும் படாது, ஜிப் வைத்த பூதத்துக்கும் பயந்து காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொள்வார்.

கனகசெட்டிக்குளத்துச் சின்னக்கண்ணு நினைவிருக்கிறாளா, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள், மகளை நம் தெருவில்தான் கொடுத்திருக்கிறாள். மார்க்கெட் முடிந்து மகளைப் பார்க்க வரும்போது அன்னக்கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு அவளும் படம் பார்க்க உட்கார்ந்துவிடுகிறாள். போன செவ்வாய்க்கிழமை ஒரு நண்டுப் படம். மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு நண்டு கடலிலிருந்து கிளம்பி வந்து ஊரை நாசம் பண்ணுகிறது. சின்னக்கண்ணு வெற்றிலையை மென்றபடியே, இன்னாக்கா இது, நண்டு எங்கியாச்சும் நேரா நடக்குமா, பக்கவாட்டுல இல்ல போவும், உள்ள ஆளுங்க கீறானுங்க என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் என்னால் நண்டைப் பார்க்க முடியவில்லை, உள்ளே இருக்கிற ஆட்களைத்தான் பார்க்கிறேன். போலீஸ் சுடுகிறது, விஞ்ஞானி ஒருத்தன் நீலத் தண்ணியைப் பச்சைத் தண்ணியோடு கலக்கிறான், ஜனங்கள் ஓடுகிறார்கள், குடை வைத்திருக்கிற ஓர் ஆள் சிரித்துக்கொண்டே ஓடுகிறான், திரும்பவும் அவனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வருகிறான். கடைசியில் நண்டு தடாலென்று விழுந்து செத்ததும் ஊரே கை தட்டுகிறது. நான் மட்டும், உள்ள இருந்தவனுக்கு மூச்சு முட்டியிருக்காதா, யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பாங்களா என்று கேட்டுவிட்டேன். சின்னக்கண்ணு வெற்றிலை புரையேறச் சிரித்தாள். உங்கப்பா சிரிக்கவில்லை, டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வருகிறாயே, உன் அறை, பின்னால் புத்தக அலமாரி, வெள்ளைத் திரை போட்ட ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பச்சை மரம். உங்கப்பா அந்த அறையைத் தெருவில் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறார் தெரியுமா, என் புள்ள ரூம் பாரு, லைப்ரரி மாதிரி இல்ல என்பார். நானும் முதலில் பெருமையாகத்தான் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் நீ தலையைத் திருப்பினாய், உன் காது பாதியைக் காணோம். இன்னொரு நாள் தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கினாய், உன் கைதான் வந்தது, டம்ளர் வரவில்லை, என் பிள்ளை வெறும் கையைக் குடிக்கிறான். எத்தனை நாள் பார்த்தும் அந்தத் திரை ஒரு தடவை அசையவில்லை. தீபாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், போனில் பின்பக்கத்தை மாற்ற முடியுமாமே என்று. அவள் உடனே என்னை நம் சமையலறையிலேயே நிற்கவைத்துப் பின்னால் பனிமலையைக் கொண்டுவந்து காட்டினாள், சாம்பார்க் கரண்டியில் பாதி மலைக்குள் போய்விட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே உன் காதையும் டம்ளரையும் நினைத்துக்கொண்டேன்.

நிலவா, போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கண்ணாடி எடுக்க உள்ளே போன நேரத்தில் உன் பின்னால் யாரோ கதவைத் திறந்தார்கள். புத்தக அலமாரி ஒரு நிமிஷம் பிய்ந்துபோய் அந்தப் பக்கம் இருந்தது தெரிந்தது. இரும்பு ஷெல்ஃப், வெங்காய மூட்டை, எண்ணெய் டின், தரையில் போர்வைக்குள் ஓர் ஆள் படுத்திருந்தான். நீ உட்கார்ந்திருந்ததும் ஒரு டின் மேல்தான். ஜன்னலே இல்லை. மறுபடி அலமாரி வந்து ஒட்டிக்கொண்டது, அப்பா கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார், நான் சாப்பிட்டியாடா என்று கேட்டேன், நீ இப்பதாம்மா, பிரியாணி என்றாய். அதையும் நான் நம்பவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டலில் சூப்பர்வைசர் வேலை, தனி ரூம் என்றாயே, வேலையாவது இருக்கிறதா? முழுச் சம்பளம் தருகிறார்களா, வாரத்தில் ஒரு நாள் விடுகிறார்களா? பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, முதலாளி வாங்கி வைத்திருக்கிறானா? அந்த முதலாளி நம்ம ஊர்க்காரன், தங்கமான மனுஷன் என்று நீ சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம், தங்கமானவனைப் பற்றி யாரும் அத்தனை தடவை சொல்வதில்லை. இதற்கெல்லாம் நீ நேராகப் பதில் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியவேண்டியது இது ஒன்றுதான்.

இதில் உங்கப்பாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. சித்திரை பிறந்ததும் உன்னிடம் வந்து ஒரு மாதம் இருக்கப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஸ்வெட்டர் கூட இரவல் வாங்கி வைத்திருக்கிறார். அந்த ஜன்னலோரமாக ஒரு கட்டிலைப் போட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டே படுப்பேன் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். உங்கள் ஊர் மேரியிலிருந்து, அதுதான் அந்த நகராட்சி ஆபீசிலிருந்து, வீட்டு விவரத்தோடு ஒரு பேப்பர் வாங்கி அனுப்பினால்தான் விசா கிடைக்குமாம், அதை நீ இந்த வாரம் அந்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போகும்போது, பிஸியா இருப்பான் பாவம் என்கிறார். எங்களிடம் மறைக்க இதில் என்ன இருக்கிறது சொல். மில்லில் நைட் ஷிப்டில் துணிப் பேல் மேல் படுத்துத் தூங்கின மனுஷன் அவர், வெங்காய மூட்டை பக்கத்தில் படுக்கமாட்டாரா. ஆனால் அங்கே வந்து இறங்கிய பிறகு தெரிந்தால் மனசு உடைந்துவிடுவார். அதற்கு முன்னால் என்னிடம் உண்மையைச் சொல், அவருக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். வேலை பிடிக்கவில்லை என்றால் கிளம்பி வா, தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அந்த நாலு பேருக்கும் பதில் சொல்ல என் வாய் இருக்கிறது.

இதுவரை எழுதி மடித்துவிட்டேன், இப்போது பிரித்து மறுபடி எழுதுகிறேன். உங்கப்பா பெரிய மார்க்கெட்டுக்குப் பூசணிக்காய் வாங்கப் போனவர் இரண்டு கோரைப் பாயோடு வந்திருக்கிறார், சின்னதாகச் சுருட்டினால் பெட்டிக்குள் அடங்குகிற பாய். எதற்கு என்றேன், பாரிசுக்கு என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது, ஜன்னலோரம் கட்டில் போடுகிறவருக்குப் பாய் எதற்கு என்று கேட்டேன். அவர் பாயைப் பெட்டிக்குள் வைத்து அளவு பார்த்துக்கொண்டே, வெளிய பனி கொட்டுதுன்னு அவனே சொல்றான், அந்த மரத்துல ஒரு எல கொட்டல கமலா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்பலேருந்து தெரியும் என்றேன், மொத நாள்லேருந்து என்றார். அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் போனைக் காட்டினீங்க, கட்டில் கதை சொன்னீங்க என்று சண்டைக்குப் போனேன். புள்ள அவ்ளோ பாடுபட்டு நமக்குப் படம் காட்டறான், நூல் தெரியுதுன்னு எழுந்து கத்தச் சொல்றியா, அதுவுமில்லாம நீ நம்பிக்கிட்டு இருக்கறன்னு நெனச்சேன் என்றார். நான், நம்பிக்கிட்டு இருந்தேனாம்! ஊரையே சந்தேகப்பட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டேன். இரண்டு பேரும் அந்தப் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து நன்றாக அழுதோம், அப்புறம் பூசணிக்காய் நறுக்கினேன்.

இனிமேல் ஒளிவு மறைவு இல்லை, ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த அலமாரியையும் ஜன்னலையும் கழற்றி வைத்துவிட்டு வா. போர்வைக்குள் படுத்திருந்த பிள்ளையையும் கூப்பிடு, அவன் எந்த ஊர், அவன் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும், ஊறுகாயில் அவனுக்கும் பங்கு கொடு. எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வராது. பாஸ்போர்ட் விஷயத்தை மறக்காமல் முதலில் சொல். கீழே உங்கப்பா ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா கமலவேணி

நிலவா, படம் நல்லாத்தாண்டா இருந்துது. உள்ள புழுக்கமா இருக்கும், வெளிய வா. பாய் ரெண்டு வாங்கியிருக்கேன்.
அப்பா ஜானகிராமன்